வடக்கே ராத்தாவின் வளவு

அம்பாறை மாவட்டம் பிறந்தது 1961-ல். அதற்கு முன் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாமே மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி. அதனால் இந்தக் கரையின் பழைய அரசாங்கக் கடதாசிகளைத் தேடுகிறவர் கல்முனையில் தொடங்க முடியாது. கொழும்பு 7-ல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் நெடுங்காலம் ஒல்லாந்தர் கோட்டைக்குள் இயங்கிய மட்டக்களப்புக் கச்சேரியில். நூறு வருடங்களுக்கு முன் இந்தக் கரையில் வாழ்ந்த முஸ்லிம் பெண்களைப் பற்றிக் கையெழுத்தில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடி நானும் கொழும்பில்தான் உட்கார்ந்தேன்.

நான் புரட்டிய கட்டுகளில் நெல் இருந்தது. குளக்கட்டும் பாதை வேலையும் இருந்தன. நிலக்காரப் போடிமாரும், ஊர் அதிகாரிகளான வன்னிமைமாரும் தலைமைக்காரரும் பெயர் சொல்லி வந்தார்கள். பெண் வந்தால் யாருடையதோ மனைவியாக வந்தாள், விதவையாக வந்தாள், மிஞ்சிப்போனால் வளவின் சொந்தக்காரியாக வந்தாள். இந்த மூன்றாவது வகைதான் என்னைக் கல்முனை பஸ்ஸில் ஏற்றியது. நாட்குறிப்பும் கடிதக்கட்டும் கிடைத்தால்தான் பெண்கள் வரலாறு எழுதலாம் என்பது ஐரோப்பியப் பழக்கம். நாட்குறிப்பு எழுதாத ஊரில் வேறு கடதாசி இருக்கும். அது எது என்று ஊரைத்தான் கேட்க வேண்டும்.

கொழும்பிலிருந்து புறப்படும் இரவு பஸ் சுபஹு பாங்குக்குச் சற்று முன்பின்னாகக் கல்முனையில் இறக்கிவிடும். பகலில் இந்தக் கரையைத் தெரிந்துகொள்ள வடக்கே மருதமுனையிலிருந்து தெற்கே வருவது நல்லது. மருதமுனை நெசவு ஊர். ஒழுங்கைக்குள் நுழைந்தால் தறிச்சத்தம் கேட்கும். அடுத்தது பாண்டிருப்பு, தீமிதிப்புக்குப் பேர்போன திரௌபதை அம்மன் கோயில் ஊர். பிறகு கல்முனை நகரம், கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர். ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் வெளியாளுக்குத் தெரியாது. பள்ளிவாசல் மினாராவும் கோயில் கோபுரமும் மாறி மாறி வருவதை வைத்துத்தான் ஊரை எண்ண வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் உள்ள இந்த ஒடுங்கிய மணல்மேட்டில் இத்தனை சனம் நெருங்கி வாழ்வதற்கு ஒரு காரணம், மகள்மாரைப் பெற்றவர்கள் அவர்களைத் தூர அனுப்பாததுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காரைதீவில் தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர் பிறந்தது 1892-ல். அவருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. அவர் எழுதியதைப் பேண ஆட்கள் இருக்கிறார்கள். அதே ஊரின் கண்ணகி அம்மன் கோயிலைப்போல இந்தக் கரை நெடுக உள்ள கண்ணகி கோயில்கள் வழக்குரை ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி, வைகாசிச் சடங்கில் படித்துவந்தன. அதனால்தான் வி.சீ. கந்தையாவால் கண்ணகி வழக்குரையைப் பதிப்பிக்க முடிந்தது. ஒரு நிறுவனம் பொறுப்பெடுத்த சுவடி பிழைக்கிறது. அலுமாரிக்குள் கிடக்கும் வீட்டுக் கடதாசிக்கு யார் பொறுப்பு?

என்னை ஊருக்குள் அழைத்துப்போனவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிள்ளைகள் 'டீச்சர்' என்கிறார்கள். அயலவர் 'ராத்தா', அதாவது அக்கா, என்கிறார்கள். நான் இரண்டையும் சேர்த்து 'டீச்சர் ராத்தா' என்றேன். என் தேடலைச் சொன்னதும் அவர் முதலில் சிரித்தார். "பொம்புளைகளப் பத்தி எழுதின கடதாசியா? எங்கட ஊர்ல ஊடே பொம்புளைட. அதப் பாக்காம என்னத்தப் பாக்கப் போறீங்க?"

அவர் சொன்னது இந்தக் கரையின் சமூக அமைப்பின் சாரம். இங்குள்ள முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் குடி என்ற வம்சப் பிரிவு உண்டு. குடி தாய்வழியாக வரும்: உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் என்பது பழைய முறை. அந்த மரைக்காரும் தன் உம்மாவின் குடிக்காகத்தான் அந்த ஆசனத்தில் இருந்தார். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அடுத்த மகளுக்காகப் பக்கத்தில் இன்னொன்று கட்டத் தொடங்குவார்கள். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969-ல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி, பிறகு பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வந்து இதையெல்லாம் விரிவாக எழுதினார். அவருடைய பெரிய நூல் 2008-ல் வெளிவந்தது. உள்ளூரில் நான் பேசிய பலருக்கு அந்த நூலைவிட அவரைத் தெரியும்.

இந்தத் தாய்வழி எப்படி வந்தது என்பதற்கு ஊரில் சொல்லும் கதை ஒன்று உண்டு. முக்குவருக்கும் திமிலருக்கும் சண்டை, முஸ்லிம்களான பட்டாணியர் முக்குவருக்குத் துணை நின்றார்கள், திமிலர் விரட்டப்பட்டார்கள், நன்றிக்கடனாக முக்குவர் தம் பெண்களைப் பட்டாணியருக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண்களோடு குடியும் வந்தது என்கிறார்கள். கதையை அப்படியே வரலாறாக எடுக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது: படைக்கு வந்தவர்களுக்கு இனப்பெயர், விரட்டப்பட்டவர்களுக்கு இனப்பெயர், சண்டை நடந்த இடங்களுக்குக்கூட ஊர்ப்பெயர் விளக்கம் இருக்கிறது. ஒரு சமூகத்தின் குடிவழி முழுக்க எந்தப் பெண்களிடமிருந்து தொடங்கியதாகச் சொல்கிறார்களோ அவர்களில் ஒருத்தியின் பெயரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கதையை விட்டு எழுத்துக்கு வந்தால், பாடசாலைகளில் சேர்விடாப்பும் சம்பவத்திரட்டுப் புத்தகமும் இருக்கும். பெண்பிள்ளை எந்த வயதில் சேர்ந்தாள், எந்த வகுப்பில் நின்றாள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. கல்முனையில் பெண்களுக்கென்றே மஹ்மூத் மகளிர் கல்லூரி இருக்கிறது. கல்வி அமைச்சராக இருந்த பதியுதீன் மஹ்மூதின் பெயர் அதற்கு. சித்தி லெப்பை கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்க முயன்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அந்த அலை இந்தக் கரையில் எந்த ஊரை எப்போது தொட்டது என்பதை ஊர்ஊராகச் சேர்விடாப்பு பார்த்து ஒரு மாணவி ஆய்வேடாக எழுதலாம். ஒலுவிலில் 1990களின் நடுவில் வந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அருகில்தான் இருக்கிறது.

ஆனால் பள்ளிக்கூடம் போகாதவள் எழுத்தறியாதவள் அல்லள். இந்தக் கரையின் பழைய தலைமுறைப் பெண்கள் குர்ஆன் ஓதப் படித்த அரபு எழுத்தைக் கொண்டே தமிழை வாசித்தார்கள். அதுதான் அரபுத் தமிழ். கீழக்கரையின் செய்யிது ஆசியா உம்மா போன்ற பெண் ஞானியரும் அந்த மரபில் பாடியவர்கள். கடலுக்கு இந்தப் பக்கம் அப்படி எழுதிய பெண் இருந்தாளா என்று டீச்சர் ராத்தாவோடு வீடுவீடாக விசாரித்தேன். பாட்டுக் கிதாபு கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் அட்டை போன பழைய மௌலூதுக் கிதாபின் பின்தாளில் பிள்ளைகள் பிறந்த நாட்கள் அரபெழுத்தில் வரிசையாக இருந்தன. மை இரண்டு நிறம், கையெழுத்தும் இரண்டு. இரண்டாவது கை உம்மும்மாவுடையது என்று வீட்டார் சொன்னார்கள். நான் கண்ட பெண் கையெழுத்தில் மிகப் பழையது அதுதான். ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே பிறந்த நாளோடு இறந்த நாளும் இருந்தது. இடையில் அதிக நாள் இல்லை.

இப்படிப்பட்ட கிதாபுகள் ஏன் அருகிப்போயின என்று கேட்டால் மழை, செல்லு, கடல், இடப்பெயர்வு என்று பதில் வரும். எல்லாம் உண்மை. ஆனால் மரியாதையும் ஒரு காரணம். அரபெழுத்துள்ள தாளைக் குப்பையில் போடக்கூடாது. பழுதானால் மண்ணில் புதைப்பார்கள், கடலில் விடுவார்கள், ஆளில்லாக் கிணற்றில் இறக்குவார்கள். கெய்ரோவின் பழைய நகர்ப்பகுதியில் யூதர்களுக்கும் இதே மரியாதை இருந்தது. இறைநாமம் எழுதிய தாளை அழிக்கக்கூடாது என்று தொழுகைக்கூடத்து அறையொன்றில் போட்டுவைத்தார்கள். நூற்றாண்டுகள் கழித்து அது கெனீசா ஆவணம் என்று பேர்பெற்றது. கோய்ட்டைன் என்ற அறிஞர் அதிலுள்ள மணமுறிகளையும் மரணசாசனங்களையும் கணக்குச் சீட்டுகளையும் வைத்தே வுஹ்ஷா என்ற பெண் தரகரின் வாழ்க்கையைக் கட்டியெழுப்பினார். அங்கே மரியாதை தாளைச் சேர்த்துவைத்தது, இங்கே கரைத்துவிட்டது.

அடுத்து மணப் பதிவு. பெண்கள் வரலாற்றுக்கு முதல் ஆதாரமாக இருந்திருக்க வேண்டியது இதுதான். இலங்கையில் 1929-ம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களின் மண வழக்குகளை விசாரிக்கும் காதிகளை ஏற்படுத்தியது. அது 1937-ல் நடைமுறைக்கு வந்தது. இப்போது உள்ளது 1951-ம் ஆண்டின் 13-ம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். பதிவில் மாப்பிள்ளை ஒப்பமிடுவார், பெண்ணின் 'வலி', அதாவது அவளுக்குப் பொறுப்பான ஆண், ஒப்பமிடுவார், மாப்பிள்ளை கொடுக்கும் மஹர் தொகை இருக்கும். மணமகளின் ஒப்பத்தை அந்தச் சட்டம் கேட்கவில்லை. இந்த ஒன்றை மாற்றக் கோரி முஸ்லிம் பெண்கள் பல ஆண்டுகளாகப் போராடிவருவதைச் செய்தித்தாள் வாசிப்பவர்கள் அறிவார்கள். ஆவணம் தேடுகிறவருக்கு அது இன்னொரு விதமாகவும் வலிக்கிறது: ஆயிரக்கணக்கான பெண்களின் வாழ்க்கையைத் திருப்பிய அந்தப் பக்கத்தில் அவர்களது கை பட்ட தடமே இல்லை.

காதி வழக்குக் கோவைகள் வேறு கதை. தாபரிப்புக் கேட்டும் பஸஹ் என்ற மணவிலக்குக் கேட்டும் வந்த பெண் என்ன சொன்னாள் என்பது அங்கே எழுத்தில் இருக்கும். ஆனால் காதிமார் பலர் வீட்டிலேயே வழக்கு விசாரிக்கிறவர்கள்; கோவை அந்த அலுமாரியிலேயே தங்கிவிடும். அதைவிட, அந்தப் பெண்ணின் மகள் அடுத்த தெருவில் இருப்பாள். அவளைக் கேட்காமல் அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. திறக்கும்படி யாரிடமும் கேட்கவுமில்லை.

சாய்ந்தமருதில் டீச்சர் ராத்தாவின் மாமி முறையான மூதாட்டி ஒருவர் இருக்கிறார். ஊருக்கே பெத்தா, அதாவது பாட்டி. 'காணி உறுதி இருக்கா' என்று கேட்டதும் உள்ளே போய் ஒரு சொப்பிங் பேக்கோடு வந்தார். அதற்குள் இன்னொரு பேக், அதற்குள் துணி, துணிக்குள் நான்காய் மடித்த தாள்கள்.

"சுனாமியண்டு நீங்க என்னத்த எடுத்துட்டு ஓடின?" என்று டீச்சர் கேட்டார்.

"உறுதியத்தான். வேற என்னத்த எடுக்கிற? புள்ளைகள் பெரிசு, தானா ஓடிட்டுதுகள்."

2004 டிசம்பர் 26-ல் இலங்கையில் எந்த மாவட்டத்தைவிடவும் அம்பாறையில்தான் உயிர்கள் அதிகம் போயின, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்று கடற்கரை வளவுகள் வரிசையாக அழிந்தன. வீட்டோடு உறுதிகளும் போயின. பெத்தாவின் உறுதி போகவில்லை.

அவர் மெத்தையில் விரித்துக் காட்டியது 1940களில் நொத்தாரிசு முன் எழுதிய சீதன உறுதி. பெத்தாவின் உம்மாவுக்கு அவரது உம்மாவும் வாப்பாவும் கொடுத்தது. வீடு, வளவு, பயன்தரு மரங்கள், கிணற்றில் பங்கு. கொடுப்பவர்களில் முதற்பெயர் பெண்ணுடையது. வளவு அவளுக்கும் அவள் உம்மா வழியாகவே வந்தது என்று உறுதி சொல்கிறது. கீழே அவளது பெருவிரல் அடையாளம். பக்கத்தில், ஏற்றுக்கொண்டதற்கு மகளின் பெருவிரல் அடையாளம். மணப் பதிவில் இல்லாத கை வீட்டு உறுதியில் மையோடு இருக்கிறது. அவளுக்கு வாசித்து விளங்கப்படுத்தியதாக நொத்தாரிசு எழுதி ஒப்பமிட்டிருக்கிறார்.

நான் அதிலேயே நின்றுவிட்டேன். டீச்சர் ராத்தா நிற்கவில்லை. அட்டவணைப் பகுதிக்குப் போய், எல்லைகளை வாய்விட்டு வாசித்தார். வடக்கே மூத்த சகோதரியின் வளவு. கிழக்கே உம்மாவின் தங்கை, அதாவது சாச்சியின் வளவு. மேற்கே கொடுப்பவரின் மிச்ச வளவு. தெற்கே ஒழுங்கை. அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்துச் சதுரம் போட்டார். பெத்தாவின் தங்கை வீட்டிலிருந்து இன்னோர் உறுதி வந்தது. ஒழுங்கைக்கு அப்பாலிருந்து மற்றொன்று. ஒவ்வொன்றின் எல்லையிலும் இன்னும் மூன்று நான்கு பெயர்கள். சாயந்தரமாவதற்குள் கொப்பியின் இரண்டு பக்கமும் வளவுகள். சதுரங்களுக்குள் இருந்த பெயர்களில் பெரும்பாலானவை பெண்கள் பெயர். இன்னார் மகள், இன்னார் பெண்சாதி என்று ஒட்டு இருக்கிறது, ஆனால் முன்னால் அவளுடைய பெயர் இருக்கிறது. எந்தத் தங்கை எப்போது கல்யாணம் முடித்தாள், எந்த வளவு இரண்டாகப் பிரிந்தது, எந்தக் கிணறு நான்கு சகோதரிகளுக்குப் பொது, யாருக்கு மகளில்லாமல் வளவு மகனுக்குப் போனது, எல்லாம் அந்த எல்லைக் கணக்கிலேயே வந்தன. ஒரு தெருவின் பெண்வழி வரலாற்றை எந்த மானிடவியலாளரும் இல்லாமல் அந்தத் தாள்களே சொல்லின.

"இதுல என்னத்தப் பாக்கிற மகள்?" என்று பெத்தா இடையில் கேட்டார். "காணி விக்கிறதுக்கில்ல." வாங்க வரவில்லை என்று சத்தியம் செய்யாத குறை.

இந்தத் தாள்கள் இவ்வளவு பெருகக் காரணம் இருக்கிறது. இலங்கையில் 1840-ம் ஆண்டின் 7-ம் இலக்கச் சட்டத்திலிருந்து, காணி கைமாறினால் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. 1931-ன் முஸ்லிம் மரபுரிமைச் சட்டப்படி உயில் உறுதி ஏதுமின்றி இறந்தவரின் சொத்தில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. ஆனால் இந்தக் கரையில் வீடும் வளவும் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே உறுதியாகி மகளுக்குப் போய்விடும். மௌத்துக்குப் பிறகு பங்குபோட மிஞ்சுவது வயலும் வாகனமும். ஆகவே ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஓர் உறுதி. ஒரு பிரதி வீட்டில், ஒன்று நொத்தாரிசிடம், ஒன்று காணிப் பதிவகத்தில். கல்முனையில் காணிப் பதிவகம் இருக்கிறது. வீட்டுப் பிரதியைக் கடல் கொண்டுபோனவர்கள் அங்கே போய்த்தான் மீட்டார்கள்.

சீதனத்தை நான் கொண்டாடவில்லை. மூன்று மகள்மார் உள்ள வீட்டில் வாப்பா பட்ட கடனும், வீடு கட்டித் தரும்வரை தள்ளிப்போன கல்யாணங்களும், அதற்காகவே மத்திய கிழக்குக்குப் போன பெண்களும் இதே ஒழுங்கைகளில்தான் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலிப் பணம் வேறு. உறுதியில் அந்த வலி எழுதப்படாது. வீடு மட்டும்தான் எழுதப்படும்.

சுனாமிக்குப் பிறகு நடந்ததும் இதே உறுதியோடு சம்பந்தப்பட்டதுதான். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். உள்ளே தள்ளிப் புதுவீடுகள் கொடுத்தபோது 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் கணவன் பெயர் ஏறியது. உம்மா வழி வந்த வளவுக்கு ஈடான வீடு ஆண்பெயருக்கு மாறியது. மெக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் 2010-ல் வெளிவந்த கட்டுரையில் இந்தச் சிக்கலைத்தான் ஆராய்ந்தார்கள். அடுத்த தலைமுறை ஆய்வாளர் புதுக்குடியேற்றங்களின் எல்லை விவரத்தை வாசித்தால் கொப்பியில் வேறு வகைப் பெயர்கள் வரும்.

உறுதியில் வராத குரலுக்குப் பாட்டிடம் போக வேண்டும். வயலிலும் பன்பாய் இழைக்கும் திண்ணையிலும் பெண்கள் கட்டிய கவிகளுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் அவற்றை நெடுங்காலம் சேகரித்தார். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் 2013-ல் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்று கிழக்கிலங்கை நாட்டார் காதல் பாடல்களைத் தொகுத்தார். உறுதியில் 'இன்னார் மகள்' என்று அடங்கியிருப்பவளும் மச்சானைக் கேலிசெய்து கவி கட்டியவளும் ஒரே வளவுக்காரிதான். இந்தப் பாட்டுகளையும் உறுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னும் யாரும் வாசிக்கவில்லை என்பது என் குறை.

இந்தக் கரையைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உம்மும்மா காலத்து உறுதி வீட்டில் இருந்தால், புது உறுதி எழுதியாயிற்று என்று பழையதை எறிய வேண்டாம். பகல் வெளிச்சத்தில் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுங்கள். எல்லைப் பெயர்களில் யார் யாருக்கு என்ன முறை என்று தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு, வேறு தாளில் எழுதி அதோடு வையுங்கள். குடும்பத்தார் எல்லோரும் சம்மதித்தால், வழக்கில்லாத பழைய உறுதியின் படத்தை ஒலுவில் பல்கலைக்கழக நூலகத்திடமோ 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்திடமோ ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். லெமினேட் செய்யவே வேண்டாம்: அந்தச் சூட்டில் பெருவிரல் மை மங்கினால் பிறகு எடுக்க முடியாது.